நெடுந்தூர ஓட்டத்துக்கு மாவுச்சத்தும் கொழுப்பும்: மதுரைச் சாப்பாட்டில் எது நின்று பிடிக்கிறது?

இங்கே ஓடுகிறவர்களிடம் இரண்டு முறைகள் புழங்குகின்றன. ஒன்று, சோற்றையும் இட்லியையும் வெட்டிவிட்டு முட்டை, நெய், பன்னீர், தேங்காய் என்று கொழுப்பை நம்புவது. மற்றது, மாவுச்சத்தை அன்றைய ஓட்டத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்து, கொழுப்பை தினமும் ஒரே அளவில் வைத்திருப்பது. மாதக்கணக்கில் கடைப்பிடித்தால் நின்று பிடிப்பது இரண்டாவதுதான்.

முதல் முறை ஆரம்பத்தில் ஆசை காட்டும். ஒரே வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ இறங்கும், ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். தசையில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் (மாவுச்சத்திலிருந்து உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை) கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீர்ந்தால் தண்ணீரும் போய்விடும். பேசிக்கொண்டே ஓடும் வேகத்துக்குச் சில வாரங்களில் உடம்பு பழகிக்கொள்ளும். ஆனால் டெம்போ (மூச்சு வாங்கும் அளவுக்குச் சீரான வேக ஓட்டம்), மேடு என்று வந்தால் கால் எழும்பாது. அதே அளவு சக்தியை எடுக்க, மாவுச்சத்தைவிடக் கொழுப்புக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும் என்பதுதான் காரணம். விளையாட்டு உணவியல் ஆய்வாளர் லூயிஸ் பர்க் குழுவினர் நடைப்பந்தய வீரர்களை வைத்து 2017-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: கொழுப்பு எரிவது வெகுவாகக் கூடியது, பந்தய நேரம் முன்னேறவில்லை. போதாக்குறைக்கு நம்மூர் வெயில். சூட்டில் கிளைகோஜன் இன்னும் வேகமாகக் கரையும்.

இரண்டாவது முறையின் கணக்கு 60 கிலோ எடை உள்ளவருக்கு இப்படி வரும். ஓய்வு நாளில் மாவுச்சத்து 200 கிராம், ஒரு மணி நேர ஓட்டம் உள்ள நாளில் 300 முதல் 350, லாங் ரன்னுக்கு (வாரத்தின் மிக நீண்ட ஓட்டம்) முந்தின நாள் 450. கேட்க மலைப்பாக இருந்தாலும் வீட்டுச் சாப்பாட்டிலேயே அடங்கும். எட்டு இட்லியில் சுமார் 80 கிராம், இரண்டு வேளையாக 250 கிராம் அரிசி வடித்த சோற்றில் 195, நான்கு வாழைப்பழத்தில் 80. மிச்சம் பருப்பு, பால், சீனியிலேயே வந்துவிடும்.

கொழுப்பு எல்லா நாளும் 60 கிராம் போதும். இதில்தான் கணக்கு தவறும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். இட்லிப் பொடிக்கு ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 14 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலை 15. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, நீலப் பாக்கெட்டில் 3. தினம் அரை லிட்டர் குடிக்கிறவருக்கு அதிலேயே 15 கிராம் வித்தியாசம்.

கொழுப்பில் அளவைவிட நேரம்தான் ஆளைக் கவிழ்க்கும். சனிக்கிழமை ராத்திரி புரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டு ஞாயிறு விடியலில் ஓடினால் வயிறு கனக்கும், குமட்டும், பாதியில் கழிப்பறை தேட வைக்கும். கொழுப்பு இரைப்பையை மெதுவாகத்தான் காலியாக்க விடும். வயிறு அதில் நிறைந்துவிடுவதால் மாவுச்சத்தும் குறைந்துபோகும். புரோட்டாவையும் கறி தோசையையும் ஞாயிறு மத்தியானத்துக்குத் தள்ளிவையுங்கள். அப்போது ஒரு கெடுதலும் இல்லை. சனி இரவுக்குச் சோறு, ரசம், பொரியல் போதும், அப்பளம் வேண்டாம். இடியாப்பம் என்றால் தேங்காய்ப்பால் வேண்டாம், சீனி போதும்.

நகரிலிருந்து அழகர்கோவில் ஏறத்தாழ 21 கி.மீ. போய்த் திரும்பினால் 60 கிலோ ஆளுக்கு 2,500 கலோரி செலவு. உடம்பில் கிளைகோஜனாக இருப்பதோ 2,000-க்குள். ஆகவே வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சீனி, அதாவது தலை தட்டிய ஐந்து மேசைக்கரண்டி, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. முதல் அரை மணியிலேயே தொடங்கி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய். சீனியை இரட்டிப்பாக்கினால் வயிற்றில் தளும்பும். கருப்பட்டித் துண்டு நன்றாக வேலை செய்யும், கூடவே தண்ணீர் குடித்தால். கடலை மிட்டாய் ஓடும்போது சரிப்படாது: கொழுப்பு, மெல்லும் வேலை, காய்ந்த வாய்.

வெறும் வயிற்று ஓட்டம் வேண்டுமானால் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குள், மெதுவான வேகத்தில் மட்டும்.

கொழுப்பை ஒரேயடியாக ஒடுக்குவதும் ஆபத்து. மொத்தக் கலோரியில் 20 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டாம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களைக் குடல் உறிஞ்சக் கொழுப்பு வேண்டும். ஓட்டத்துக்குத் தேவையான அளவு சாப்பிடாத பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நிற்பதோ முதல் எச்சரிக்கை. சாப்பாட்டைக் கூட்டுங்கள், மருத்துவரைப் பாருங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், மேலே சொன்ன 450 கிராமுக்குப் போகும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.