சீசன் முடியும் நேரத்தில் டொர்னாடோ துரத்த: கொலராடோவா, டகோட்டாவா, நவம்பரா?

அமெரிக்காவில் டொர்னாடோவை, அதாவது புயல் மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழற்காற்றை, காரில் துரத்திப் பார்க்க முக்கியமான மாதம் மே. அப்போது லீவு கிடைக்காதவர்களுக்கு மூன்று வழி மிஞ்சும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை கிழக்குக் கொலராடோ. அதே நாட்களில் வடக்கே டகோட்டா மாநிலங்கள். இல்லாவிட்டால் நவம்பரில் மிசிசிப்பி, அலபாமா பக்கம் தலைகாட்டும் இரண்டாவது சீசன். நாங்கள் எடுத்தது கொலராடோ. பெரிய டொர்னாடோதான் வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்ற இடமில்லை. டிக்கெட், ஓட்டல் கணக்கை அவரவர் போட்டுக்கொள்ளலாம். எங்கள் முடிவைத் தீர்மானித்தது புயல் நகரும் வேகம்.

டொர்னாடோவைத் தரும் சுழலும் இடிமேகமான சூப்பர்செல் சுழல்வதற்குக் காற்று முறிவு வேண்டும். தரையில் வீசும் காற்றுக்கும் ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. ஜூன் கடைசியில் ஜெட் காற்றோட்டம், அதாவது மிக உயரத்தில் வேகமாக ஓடும் காற்று, கனடா எல்லைப் பக்கம் ஏறிவிடும். கொலராடோவுக்கு மேலே மேற்கிலிருந்து மணிக்கு 60 கிமீ இருந்தாலே அதிகம். ஆனால் தரையில் தென்கிழக்குக் காற்று 30 கிமீ வேகத்தில் மலையை நோக்கி மேலேறும். இரண்டும் எதிரெதிர்த் திசை என்பதால் வித்தியாசம் 80, 90 வரை போகும், சராசரியோ குறைவாகவே நிற்கும். புயல் நகர்வது ஏறக்குறைய அந்தச் சராசரியோடுதான். ஆகவே மேகம் நன்றாகச் சுழன்றுகொண்டே 30, 35 கிமீ வேகத்தில் ஊர்ந்து வரும்.

நவம்பரில் கதை வேறு. கீழே தெற்குக் காற்று 45, மேலே தென்மேற்கு 130. இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கம் தள்ளுவதால் புயல் 90 கிமீ வேகத்தில் ஓடும். ரேடார் படம் கைக்கு வரும்போதே அதற்கு நாலைந்து நிமிட வயதாகியிருக்கும். அதற்குள் நவம்பர்ப் புயல் ஏழு கிலோமீட்டர் தாண்டிவிடும், கொலராடோப் புயல் இரண்டரை. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் நவம்பரில் அன்றைய துரத்தல் அதோடு சரி. போதாக்குறைக்கு சாலையின் இரு பக்கமும் மரம், ஐந்து மணிக்கே இருட்டு. 2021 டிசம்பர் 10 அன்று கென்டக்கியின் மேஃபீல்டைச் சிதைத்த டொர்னாடோ, சுமார் 266 கிமீ பாதையை இரவில் மூன்று மணி நேரத்துக்குள் கடந்தது. தெற்கில் எங்கள் அனுபவம் குறைவுதான். இருந்தும் அதைப் பழகிப் பார்க்கும் ஆசை இல்லை.

கொலராடோவில் நாள் பார்ப்பது எளிது. முந்தைய இரவு குளிர்முகப்பு (குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு) கடந்து, மறுநாள் கிழக்கு அல்லது தென்கிழக்குக் காற்று ஈரத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தரையே 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) 12 டிகிரி செல்சியஸ் இருந்தாலே போதும். பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பநிலையிலிருந்து டியூ பாயின்ட்டைக் கழியுங்கள். ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் மேகத்தின் அடிப்பக்கம் 125 மீட்டர் உயரும். வித்தியாசம் 16 என்றால் அடிப்பக்கம் தரையிலிருந்து 2,000 மீட்டரில் நிற்கும்; படம் அழகாக வரும், டொர்னாடோ வருவது அபூர்வம். 10, 11க்குள் இருந்தால் கிழக்குக் கொலராடோவின் லைமன் ஊரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு காத்திருக்கலாம். அங்கிருந்து நாலா பக்கமும் தார்ச் சாலை உண்டு.

கெடுப்பது ஆலங்கட்டி. காற்று உறைநிலைக்குக் குளிரும் உயரம் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் கல் உருகாமலே இறங்கும். 2023 ஜூன் 21 அன்று டென்வர் அருகே ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கில் கச்சேரி பார்க்க வந்தவர்களில் பலர் காயப்பட்டது இப்படித்தான். வாடகைக் காரின் இன்சூரன்ஸில் ஆலங்கட்டிச் சேதம் உண்டா, மண் ரோட்டில் ஓட்டினால் அது செல்லுமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். மழை பட்ட மண் ரோடு சோப்பு மாதிரி வழுக்கும். இந்தச் சீசனில் புயல் பெரும்பாலும் தென்கிழக்காக இறங்கும். நேர் தெற்கே ஓடினால் பின்னாலேயே வரும். பாதைக்குக் குறுக்கே, தென்மேற்காக விலக ஒரு தார்ச் சாலையை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

டகோட்டாவை ஒதுக்கிவிட முடியாது. 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில் டொர்னாடோ ஆய்வாளர் டிம் சமாராஸ் அதன் பாதையில் வைத்த கருவி 100 மில்லிபார் அழுத்தச் சரிவைப் பதிவு செய்தது. 2025 ஜூன் 20 அன்று வடக்கு டகோட்டாவின் எண்டர்லின் அருகே இஎஃப்5, அதாவது அளவுகோலின் உச்ச வலுவுள்ள டொர்னாடோவே வந்தது, ஆனால் இரவு பதினொரு மணியளவில். ஜெட்டுக்கு அருகில் இருப்பதால் வலு கூடும், வேகமும் கூடும். மிசோரி ஆற்றைக் கடக்கப் பாலங்களும் குறைவு.

கொலராடோ வறண்டு, வடக்கே நல்ல முகப்பு வருகிறது என்றால் போகத்தான் வேண்டும். லைமனிலிருந்து தெற்கு டகோட்டாவின் பியர் நகருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். அன்று காலை யோசித்துப் பயனில்லை. அமெரிக்கப் புயல் கணிப்பு மையத்தின் இரண்டாம் நாள் கணிப்பு (மறுநாளுக்கானது) கொலராடோ நேரம் பகல் 11:30க்கு வரும்; முந்தைய நாளே அதைப் பார்த்து, மாலையில் கிளம்பிவிடுங்கள்.