கிராங்க் ஷாஃப்ட் ஒயில் சீல்: அடித்து இறக்குவதா, அழுத்தி இறக்குவதா?

காலபோக உழவுக்கு முன்னர் வன்னியின் கராஜ்களுக்கு வரும் இருசக்கர உழவு இயந்திரங்களில் அடிக்கடி காணப்படும் குறை, எஞ்சினின் கனத்த சுழல்சக்கரமான பிளைவீலுக்குப் பின்னாலிருந்து ஒயில் கசிவதாகும். அங்கே கிராங்க் ஷாஃப்ட் வெளியே வரும் குழியில் ஒயிலைத் தடுக்கும் வளையமே சீல். புதிய சீல் போட்டும் இரண்டு வயல் உழுவதற்குள் மீண்டும் கசிந்தால், உரிமையாளர் மெக்கானிக்கையும் மெக்கானிக் கடைக்காரரையும் குறைகூறுவது வழக்கம். என் கணிப்பில், சீலின் தரத்தை விட அதைக் குழிக்குள் இறக்கிய விதமே பெரும்பாலும் குற்றவாளி. எனினும், கழற்றுவதற்கு முன்னர் எஞ்சினின் உள்காற்றை வெளியே விடும் பிறீதர் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது அடைபட்டால் கிராங்க் கேஸினுள் அழுத்தம் ஏறி, நல்ல சீலின் வழியாகவும் ஒயிலை வெளியே தள்ளும்.

இறக்கும் முறைகளில் முதலாவது, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டுவது. செலவில்லாதது, பொறுமையான கையில் சரியாகவும் அமையக்கூடியது. ஆனால் ஒரு பக்கம் சற்று முந்தினாலே சீல் சரிந்து, உதடு எனப்படும் அதன் உள்விளிம்பு ஷாஃப்டை ஒருபுறம் இறுக்கமாகவும் மறுபுறம் தளர்வாகவும் தழுவும். தட்டும் அதிர்வில் உதட்டுக்குப் பின்னாலுள்ள ஸ்பிரிங் கழன்று விழுவதும் உண்டு. ஸ்பிரிங் இருக்கும் பள்ளத்தில் சிறிது கிரீஸ் நிரப்பினால் அது பெரும்பாலும் நகராது.

இரண்டாவது, கழற்றிய பழைய சீலைப் புதியதன் மேல் வைத்து அடிப்பது. விட்டம் அச்சொட்டாகப் பொருந்துவதால் இது பலருக்கும் பிடித்த வழி. பழையதும் குழிக்குள் இறுகிக்கொண்டு வெளியே வர மறுக்கும்போதுதான் அதன் குறை தெரியும்.

நான் பரிந்துரைப்பது மூன்றாவதான அழுத்தி இறக்கும் முறையையே. சீலின் வெளிவிட்டத்தை விட அரை மில்லிமீற்றர் அளவு குறைவாகக் கடைந்த குழாய்த் துண்டொன்று, சீலின் உலோக விளிம்பில் மட்டும் சுற்றிவர அமர்ந்து, போல்டை இறுக்கும்போது வரும் இழுப்பில் அதை நேராக உள்ளே கொண்டுசெல்லும். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உள்ள லேத் வேலைத்தளத்தில் கழிவுக் குழாயிலேயே இதைக் கடைவித்துக்கொள்ளலாம். ஒரே வகை இயந்திரங்களே திரும்பத் திரும்ப வரும் கராஜுக்கு இது ஒருமுறைச் செலவு.

எந்த முறையாயினும் ஸ்பிரிங் உள்ள பக்கம் ஒயில் இருக்கும் உட்புறத்தை நோக்க வேண்டும். ஷாஃப்டில் பிளைவீலைப் பூட்டும் சாவித் துண்டு அமரும் வெட்டின் கூரிய விளிம்பு உதட்டைக் கீறாதிருக்க, ஒயில் தடவிய சொப்பின் பைத் துண்டொன்றைச் சுற்றி அதன் மேல் சீலை வழுக்கவிடுவது போதும். சில சீல்களில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உண்டு. உதட்டிலுள்ள சாய்ந்த கீற்றுகள் ஒயிலை உள்ளே திருப்பி அனுப்புவதற்கானவை என்பதால், திசை மாறினால் அவை ஒயிலை வெளியே இறைக்கும்.

அடுத்த தெரிவு, பழைய சீலின் உதடு உரசி ஷாஃப்டில் விழுந்த தேய்வுப் பள்ளத்தைப் பற்றியது. நகத்தால் வருடும்போது தட்டினால், அதே இடத்தில் புதிய உதடு நிலைக்காது. சீலை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் முன்னோ பின்னோ அமர்த்தி உதட்டைத் தேயாத இடத்துக்கு மாற்றுவது இலவச வழி. ஒயில் திரும்பும் துளை மறைபடாவிட்டால் முதலில் அதையே செய்வேன். இடம் இல்லையென்றால் ஷாஃப்டின் மேல் மெல்லிய உருக்கு ஸ்லீவ் (உறை) போடலாம்; அதன் தடிப்பு ஏறத்தாழ 0.28 மில்லிமீற்றர் மட்டுமே என்பதால் பழைய அளவுச் சீலே பொருந்தும். எமரித் தாளால் சாய்வாகத் தேய்த்துப் பள்ளத்தைப் போக்க முயல்வது மட்டும் வேண்டாம். அந்தக் கீறல்கள் திருகுமரை போல ஒயிலை வெளியே கடத்தும்.

சீலின் இறப்பர் வகையில், வழக்கமான நைட்ரைலை விட்டு விட்டோனுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். நைட்ரைல் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வரையும் விட்டோன் 200 வரையும் தாங்கும். ஷாஃப்டின் விட்டம் 35 மில்லிமீற்றர், சுற்று நிமிடத்துக்கு 2,200 என்று கொண்டால், உதட்டின் கீழ் மேற்பரப்பு நொடிக்கு 4 மீற்றர் வேகத்தில்தான் ஓடுகிறது. அது நைட்ரைலுக்குப் பெரிய சுமையல்ல. எனவே தண்ணீர் ஒழுங்காக ஊற்றப்படும் எஞ்சினுக்கு நைட்ரைல் போதும். நண்பகல் உழவில் தொட்டித் தண்ணீர் வற்றும்வரை ஓட்டும் பழக்கமுள்ளவர் விட்டோனையே வாங்கட்டும். அதைவிட மலிவான மருந்து வாய்க்காலிலேயே ஓடுகிறது என்பது வேறு விடயம்.

புதிய நான்குசக்கர இயந்திரங்கள் சிலவற்றில் வரும் டெஃப்லோன் சீலுக்கு விதி நேர்மாறானது. நைட்ரைலுக்கும் விட்டோனுக்கும் உதட்டில் ஒயில் தடவ வேண்டும். டெஃப்லோன் சீலையோ, ஷாஃப்டையும் துடைத்து, ஒயில் இல்லாமல் உலர்ந்த நிலையில், அதனுடன் வரும் பிளாஸ்டிக் வழிகாட்டியின் மேலாகவே இறக்கி, உதடு ஷாஃப்டின் வடிவத்துக்கு அமையச் சில மணி நேரம் எஞ்சினை இயக்காமல் விட வேண்டும். அறுவடை அவசரத்தில் மாலைக்குள் வயலுக்குப் போயாக வேண்டும் என்று நிற்பவரிடம் அந்த வேலையை நான் ஏற்பதில்லை.