இசட்ரேமா, இசட்ஸ்வாப்பா? 8 ஜிபி லேப்டாப்புல ரெண்டையும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

லேப்டாப் வாங்கும்போது 8 ஜிபி போதும்னு நினைச்சது என் தப்புதான். ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொரு 8 ஜிபி சொருகலாம்னு கடைக்குத் தூக்கிட்டுப் போனா, அவர் அடி மூடியைக் கழட்டிப் பார்த்துட்டு "சார், ரேமை போர்டுலயே சால்டர் பண்ணிருக்கான், ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு அப்படியே மூடிக் குடுத்துட்டார். கழட்டினதுக்குக் காசு வாங்கல, அதுவரைக்கும் புண்ணியம். அப்புறம் என்ன, இருக்கிறதை வச்சுதான் குடும்பம் நடத்தணும். லினக்ஸ்ல அதுக்கு ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு இசட்ரேம் (zram), இன்னொண்ணு இசட்ஸ்வாப் (zswap), ரெண்டுமே மெமரில இருக்கிறதை அமுக்கி, அதாவது கம்ப்ரஸ் பண்ணி, இடம் மிச்சம் பிடிக்கிற வித்தை. முதல்ல சொன்னதை ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டினேன், இப்ப ஆறு மாசமா ரெண்டாவதுல இருக்கேன், திரும்பிப் போற எண்ணம் இல்ல. அதனால இது நடுநிலையான அலசல் எல்லாம் கிடையாது, முன்னாடியே சொல்லிடறேன்.

அடிப்படையைச் சீக்கிரம் முடிச்சுக்கறேன். லினக்ஸோட மையமான கர்னல், மெமரியை 4 கேபி பேஜ் பேஜா வெட்டி வச்சுதான் கணக்கு பார்க்குது, 8 ஜிபின்னா ஏறக்குறைய 21 லட்சம் பேஜ். காலி இடம் குறைய ஆரம்பிச்சா கேஸ்வாப்டிங்கற (kswapd) கர்னலோட வேலைக்காரன் எழுந்து வந்து, ரொம்ப நேரமா யாரும் தொடாத பேஜ் எதுன்னு பார்த்து வெளிய தள்ளும். ஃபைல்ல இருந்து வந்த பேஜ்னா, அதை யாரும் மாத்தாத வரைக்கும் சும்மா தூக்கிப் போட்டுடலாம், வேணும்னா டிஸ்க்ல இருந்து திரும்பப் படிச்சுக்கலாம். ஆனா பிரவுசர் டேப், ஐடிஇ (கோடு எழுதுற சாஃப்ட்வேர்) ஓடும்போது மெமரில உருவாக்குற டேட்டா மாதிரி அனானிமஸ் பேஜுக்குப் பின்னாடி ஃபைல் எதுவும் கிடையாது, அதை எங்கயாவது எழுதி வச்சே ஆகணும், அதுக்கு ஒதுக்குற இடம்தான் ஸ்வாப், வழக்கமா டிஸ்க்ல இருக்கும். "ஸ்வாப்பையே ஆஃப் பண்ணிடு, டிஸ்க் பக்கமே போகாது"ன்னு சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க. ஸ்வாப் இல்லன்னா கர்னலுக்குத் தள்ள மிச்சம் இருக்கிறது ஃபைல் பேஜ் மட்டும்தான், அதுல நீங்க ஓட்டிட்டு இருக்கிற புரோகிராமோட கோடும் அடக்கம், அதைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த நொடியே திரும்பப் படிக்கும், மறுபடி தூக்கிப் போடும், மவுஸ் நகராம டிஸ்க் லைட் மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும் பாருங்க, அந்தக் கூத்து இதுதான்.

இசட்ரேம்ங்கறது ரேமுக்குள்ளயே ஒரு போலி டிஸ்க். அதுல எழுதுற ஒவ்வொரு பேஜையும் கம்ப்ரஸ் பண்ணி வச்சுக்கும், அந்த டிஸ்கை நாம ஸ்வாப்பா மாட்டி விடறோம், அவ்வளவுதான். ஆரம்பத்துல கம்ப்கேஷ்னு பேரு, ஸ்டேஜிங்ல, அதாவது கர்னலோட சோதனைப் பகுதியில, ரொம்ப நாள் கிடந்துட்டு 2014ல 3.14 கர்னல்லதான் முறைப்படி உள்ள வந்துச்சு. ஆண்ட்ராய்ட் போன்ல, குரோம்புக்ல எல்லாம் இதுதான் ஓடுது, ஃபெடோரா லினக்ஸ் 2020ல 33ஆவது வெர்ஷன்ல இருந்து இதையே டீஃபால்ட் ஆக்கிட்டான். இசட்ஸ்வாப் 2013லயே, 3.11ல வந்தாச்சு. அது தனி டிஸ்க் கிடையாது, ஏற்கனவே இருக்கிற நிஜ ஸ்வாப்புக்கு முன்னாடி உட்கார்ந்துட்டு இருக்கிற ஒரு கேஷ். டிஸ்குக்குப் போற பேஜை வழியிலயே மடக்கிக் கம்ப்ரஸ் பண்ணி ரேம்ல வச்சுக்கும், இடம் பத்தலன்னா இருக்கிறதுலயே பழசை எடுத்து டிஸ்குக்கு அனுப்பும். பின்னாடி நிஜ ஸ்வாப் இல்லன்னா இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

ரெண்டையும் சேர்த்துப் போட்டா டபுள் லாபம்னு நினைக்காதீங்க. இசட்ஸ்வாப் ஆன்ல இருந்தா இசட்ரேமுக்குப் போற பேஜையும் நடுவுல அதுவே பிடிச்சுக்கும், இசட்ரேம் பாட்டுக்குச் சும்மா கிடக்கும். ஆர்ச் லினக்ஸ்ல இசட்ஸ்வாப் டீஃபால்ட்டாவே ஆன், இது தெரியாம மேல இசட்ரேமைப் போட்டுட்டு "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே"ன்னு நானே ரெண்டு நாள் முழிச்சிருக்கேன்.

இசட்ரேம் நல்லதே இல்லன்னு சொல்ல மாட்டேன். போட்ட முதல் வாரம் எனக்கு நிஜமாவே சந்தோஷம், அதுக்கு முன்னாடி வெறும் ஸ்வாப் ஃபைல் வச்சு அல்லாடிட்டு இருந்தவனுக்கு முப்பது நாப்பது டேப், கூடவே ஐடிஇ, ரெண்டு கன்டெய்னர்னு எல்லாம் ஓடும்போதும் மவுஸ் நிக்காம நகர்றதைப் பார்த்தா சந்தோஷமாத்தானே இருக்கும். செட்டப்பும் சுலபம், பார்ட்டிஷன் வேணாம், ஃபைல் வேணாம், நாலு வரி கான்ஃபிக் போதும். ஸ்வாப் பக்கம் எவ்வளவு தாராளமா தள்ளணும்னு சொல்ற ஸ்வாப்பினெஸை 150, 180ன்னு ஏத்தி விடலாம், 5.8 கர்னல்ல இருந்து 200 வரைக்கும் போகும். பேஜ்-கிளஸ்டரை 0 ஆக்கிடணும், டீஃபால்ட் 3னா ஒரு பேஜ் கேட்டா எட்டு பேஜா படிக்கும், சுத்துற ஹார்ட் டிஸ்குக்கு அது சரி, ரேமுக்குள்ள இருக்கிறதுக்கு வெட்டியா டீகம்ப்ரஸ் பண்ற வேலைதான்.

பிரச்சினை வந்தது வேற பக்கத்துல இருந்து. நான் மெஷினை ஷட்டவுன் பண்ற ஆள் இல்ல, மூடி வச்சுட்டுப் போவேன், காலைல திறப்பேன், பத்து நாள் பன்னெண்டு நாள் அப்படியே ஓடும். திங்கட்கிழமை ஜிவ்வுன்னு இருக்கிற மெஷின் அடுத்த வாரம் புதன்கிழமை ஆனா ஐடிஇல ஒரு எழுத்து அடிச்சா ரெண்டு செகண்ட் கழிச்சு வரும். ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும். ரொம்ப நாள் ஐடிஇ மேலதான் சந்தேகப்பட்டேன், அதைத் திட்டாத நாள் இல்ல. ஒரு மத்தியானம் பொறுமையா உட்கார்ந்து ஸ்வாப் லிஸ்டைப் பார்த்தேன். 4 ஜிபி இசட்ரேம், ப்ரையாரிட்டி 100, முழுசா ஃபுல். அதுக்குக் கீழ ஆபத்துக்கு இருக்கட்டுமேன்னு போட்டு வச்ச 8 ஜிபி ஸ்வாப் ஃபைல், மைனஸ் ப்ரையாரிட்டி, அதுல 2.1 ஜிபி யூஸ் ஆகிட்டு இருக்கு, நான் டைப் அடிக்க அடிக்க அதுலதான் ரீடும் ரைட்டும் நடக்குது. இசட்ரேம்சிடிஎல் கமாண்ட் அடிச்சுப் பார்த்தா 3.9 ஜிபி டேட்டாவை 1.2 ஜிபியா அமுக்கி வச்சிருக்கு, கம்ப்ரஷன்ல ஒரு குறையும் இல்ல. ஆனா உள்ள இருக்கிறது என்ன? போன வாரம் திறந்து மறந்துபோன டேப், ஒரு தடவை ஓட்டிட்டு விட்ட ஏதோ சர்வீஸ், லாகின் ஆனப்ப வந்து அதுக்கப்புறம் யாரும் தொடாம பின்னணில ஓடுற டீமன்கள்.

நம்ம வீட்டு பீரோ கதைதான் இது. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை, வருஷத்துக்கு ஒரு தடவைகூட வெளிய வராதது, அது முதல்ல போய் பீரோல உட்கார்ந்துடுச்சு. பீரோ நிறைஞ்சாச்சு. இப்ப தினம் கட்டுற புடவைக்கு இடம் இல்ல, அது பரண்ல. தினமும் ஏணி போட்டு ஏறி எடுக்க வேண்டியது.

கர்னலுக்கு இசட்ரேம்ங்கறது மேல இருக்கிற ஒரு டிஸ்க், அவ்வளவுதான் தெரியும். ப்ரையாரிட்டி அதிகம்னு அதை முதல்ல நிரப்பும், நிரம்பினா அடுத்ததுக்குப் போகும். உள்ள போன பேஜ் பழசாச்சே, கீழ இறக்கி விடுவோம்னு தானா எந்த வேலையும் நடக்காது. யாராவது அந்தப் பேஜைத் தொட்டுத் திரும்பக் கூப்பிடணும், இல்ல அந்த ப்ராசஸே சாகணும், அப்பதான் இடம் காலியாகும். முதல்ல வெளிய தள்ளப்படறது யாருன்னு யோசிச்சுப் பாருங்க, ரொம்ப நாளா தொடாத, இனிமேலும் தொட வாய்ப்பு கம்மியான பேஜ். அதுக்கு வேகமான இடம், அப்புறம் வர்ற சூடான பேஜுக்கு மெதுவான இடம். எல்ஆர்யூ, அதாவது ரொம்ப நாளா தொடாததை முதல்ல ஓரங்கட்டற முறை, தலைகீழாப் போச்சுன்னு சொல்றது இதைத்தான். என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயமும் இந்த ஒரு பாயின்ட்லதான் நிக்குது, கம்ப்ரஷன் அல்காரிதம் எல்இசட்4ஆ இசட்ஸ்டாண்டர்டான்னு பக்கம் பக்கமா சண்டை போடறதெல்லாம் இதுக்கு அப்புறம்.

நானும் சும்மா விடல. ஸ்வாப்ஆஃப் கமாண்ட் போட்டு இசட்ரேமைக் காலி பண்ணிட்டுத் திரும்ப மாட்டலாம்னு ஒரு தடவை ட்ரை பண்ணேன். அமுக்கி வச்ச 3.9 ஜிபியும் விரிஞ்சு வரணுமே, எங்க வரும், அதுக்கு இடம் இல்லாமதானே அங்க அனுப்பிச்சோம்? டீ போட்டுக் குடிச்சு டம்ளரைக் கழுவி வச்சுட்டு வந்தும் மெஷின் அப்படியேதான் நின்னுச்சு, கடைசில பவர் பட்டனை அமுக்கினேன். அடுத்து ஸ்வாப் ஃபைலை எடுத்துட்டு இசட்ரேமை மட்டும் 12 ஜிபின்னு பெருசா வச்சேன். தலைகீழ் பிரச்சினை போச்சு, ஏன்னா கீழ பரணே இல்ல. ஆனா இப்ப செத்த பேஜ் எல்லாம் ரேமுக்குள்ளயே நிரந்தரமா குடியிருக்கு, மூணுல ஒரு பங்கா சுருங்கினாலும் 9 ஜிபி குப்பைக்கு 3 ஜிபி ரேம் போகுதே, மிச்சம் இருக்கிற 5 ஜிபிலதான் எல்லாரும் அடிச்சுக்கணும், ஃபைல் கேஷ் நசுங்கிப் போய் நான் முதல்ல சொன்ன டிஸ்க் லைட் கூத்து திரும்ப வந்துச்சு. இன்னொண்ணு, ஏற்கனவே கம்ப்ரஸ் ஆன வீடியோ பஃபர், என்க்ரிப்ட் ஆன டேட்டா மாதிரி பேஜ் எல்லாம் எவ்வளவு அமுக்கினாலும் சுருங்காது. இசட்ரேம் அதையும் முழு 4 கேபியாவே உள்ள வச்சுக்கும், அதாவது ரேம்ல இருந்து எடுத்து ரேம்லயே வைக்கிறோம், பைசா பிரயோஜனம் இல்ல.

இசட்ரேம்லயும் ரைட்பேக்னு ஒண்ணு இருக்கே, பழசை டிஸ்குக்கு அனுப்பலாமேன்னு கேப்பீங்க. இருக்கு, 4.14ல இருந்து. ஆனா அதுக்குத் தனியா ஒரு பார்ட்டிஷன் ஒதுக்கணும், எந்தப் பேஜ் ஐடில்னு நாமதான் மார்க் பண்ணச் சொல்லணும், எப்ப எழுதணும்ங்கறதையும் நாமதான் சொல்லணும். டைமர் வச்சு ஸ்கிரிப்ட் எழுதி அதுக்கு ஒரு காவல் காத்துக்கிட்டு... கர்னல் பண்ண வேண்டிய வேலையை நான் எதுக்குப் பண்ணணும்? போன் தயாரிக்கிறவனுக்கு அது சரிப்படும், அதுக்குன்னே ஆள் வச்சிருப்பான்.

இசட்ஸ்வாப்ல இந்தக் காவல் வேலை இல்ல. அமுக்கின பேஜை வச்சிருக்கிற ரேம் இடத்துக்குப் பூல்னு பேரு, அந்தப் பூலுக்குள்ளயே ஒரு எல்ஆர்யூ வரிசை இருக்கு, புதுசு தலையில, பழசு வாலுல. டீஃபால்ட்டா மொத்த ரேம்ல 20 சதவீதம் வரைக்கும் வளரும், எனக்கு அது 1.6 ஜிபி, மூணுக்கு ஒண்ணு சுருங்கினா கிட்டத்தட்ட 4.8 ஜிபி பேஜ் அடங்கும். அதுக்கு மேல போச்சுன்னா வாலுல இருக்கிறதை டீகம்ப்ரஸ் பண்ணி டிஸ்குல எழுதிடும். பட்டுப்புடவை தானா பரணுக்குப் போயிடுது. சுத்தமா சுருங்காத பேஜை என் கர்னல்ல உள்ளயே சேர்க்காம நேரா டிஸ்குக்குத் தள்ளிடுது, அதுவும் எனக்கு லாபம்தான். 6.8 கர்னல்ல ஷ்ரிங்கர்னு ஒண்ணு சேர்த்தாங்க, பூல் ஃபுல் ஆகற வரைக்கும் காத்திருக்காம, மெமரி இறுக்கம் வரும்போதே பழசை மெதுவா வெளிய அனுப்ப ஆரம்பிச்சுடும். அதைக் கண்டிப்பா ஆன் பண்ணுங்க. ஏன்னா அது இல்லாம பூல் அந்த 20 சதவீத வரம்பைத் தொட்டுட்டா, வரம்புல 90 சதவீதத்துக்குக் கீழ இறங்கற வரைக்கும் புதுப் பேஜை உள்ள விடாது, அந்த நேரத்துல புதுசு நேரா டிஸ்குக்குப் போகும், அதாவது அதே தலைகீழ் நோய், சின்ன அளவுல. நான் ஷ்ரிங்கரும் போட்டு, லிமிட்டை 30க்கும் ஏத்தி வச்சிருக்கேன். பழைய கர்னல்ல அமுக்கின பேஜை அடுக்கி வைக்க இசட்பட்னு ஒரு அலோகேட்டர் இருந்துச்சு, ஒரு பேஜ் இடத்துல ரெண்டுக்கு மேல அடைக்காது, அந்தக் காலத்துல இசட்ஸ்வாப்பை ட்ரை பண்ணிட்டு வேஸ்ட்னு விட்டவங்க இப்ப இன்னொரு தடவை பாருங்க, அதோட இடத்துல வந்த இசட்எஸ்மல்லாக் ரொம்ப நல்லா அடைக்குது.

குறையும் இருக்கு. ரேம் பூலுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு பேஜுக்கும் டிஸ்க் ஸ்வாப்ல ஒரு இடம் ரிசர்வ் ஆகியே இருக்கும், எழுதவே இல்லன்னாலும். அதனால ஸ்வாப் ஃபைல் தாராளமா வேணும், நான் 12 ஜிபி வச்சிருக்கேன், 256 ஜிபி எஸ்எஸ்டில அது உறுத்தத்தான் செய்யுது. டிஸ்குக்குப் போற பேஜ் விரிச்ச நிலையிலதான் போகும், அதனால டிஸ்க் என்க்ரிப்ஷன் இல்லாதவங்க அதையும் யோசிச்சுக்கணும், இசட்ரேம்ல பவர் போனா எல்லாம் அதோட போச்சு. எஸ்எஸ்டி தேயுமான்னு கேட்டா, ஆறு மாச அனுபவத்தை வச்சு சத்தியம் பண்ண மாட்டேன். கர்னலோட கணக்குப் புத்தகமான விஎம்ஸ்டாட்ல, பூல்ல இருந்து டிஸ்குக்கு எழுதினதை எண்ணுற ரைட்பேக் கவுன்ட்டர் ஒண்ணு இருக்கு, போன வாரம் மூணு லட்சத்துச் சொச்சம் பேஜ் காட்டுச்சு, 4 கேபியால பெருக்கினா 1.2 ஜிபி சொச்சம். சுருங்காம நேரா போனது இதுல சேராது, அதையும் சேர்த்தாகூட எனக்குத் தூக்கம் கெடற அளவு இல்ல. நூத்துக்கணக்குல கன்டெய்னர் ஓடுற சர்வர்ல நான் இதை ஓட்டினதில்ல, அதனால அங்க எப்படின்னு என்னைக் கேட்காதீங்க.

வேகத்துல வித்தியாசம் உண்டான்னா, பேஜ் ரேமுக்குள்ள இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல. வித்தியாசம் எல்லாம் எட்டாவது நாள் ஒன்பதாவது நாள்தான் தெரியும், அதனாலதான் ஒரு மணி நேரம் பெஞ்ச்மார்க் ஓட்டிட்டு இசட்ரேம் ஜெயிச்சுதுன்னு சொல்றதை நான் பெருசா எடுத்துக்கறதில்ல.

ஆங், எதை எடுத்தாலும் 6.1ல வந்த மல்டி-ஜென் எல்ஆர்யூ ஆன்ல இருக்கான்னு பார்த்துக்கோங்க. எந்தப் பேஜ் பழசுன்னு கணிக்கிறதை பழைய ஆக்டிவ், இன்ஆக்டிவ் லிஸ்டை விட நல்லாப் பண்ணுது, தப்பான பேஜைத் தேர்ந்தெடுத்துட்டா அப்புறம் அதை எங்க வச்சு என்ன. அதுல மினிமம் டிடிஎல்னு ஒரு செட்டிங், 1000 மில்லிசெகண்ட் வச்சா கடைசி ஒரு செகண்டுக்குள்ள தொட்ட பேஜை வெளிய தள்ளாது, அதுக்கு மேலயும் இடம் இல்லன்னா ஓஓஎம் கில்லரைக் கூப்பிட்டு எதையாவது கொன்னுடும். மொத்தமா உறையறதுக்கு ஒரு டேப் சாகறது எவ்வளவோ மேல்.

இவ்வளவு பேசிட்டு, போன மாசம் தங்கச்சி பையனோட பழைய 4 ஜிபி மெஷினுக்கு நான் போட்டுக் குடுத்தது இசட்ரேம்தான். அதுல இருக்கிறது இஎம்எம்சி (போர்டுலயே ஒட்டின சின்ன ஃபிளாஷ் டிஸ்க்), 32 ஜிபி, ஸ்வாப் ஃபைலுக்கு ஒதுக்க அதுல இடமே இல்ல, அதுவே ஊர்ந்துதான் எழுதுது. அவன் தினம் ராத்திரி ஷட்டவுன் பண்ற நல்ல பிள்ளை வேற, குப்பை சேர வாய்ப்பே இல்ல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், "மாமா, ஹைபர்னேட் ஆப்ஷன் காணோமே?" ஹைபர்னேட்டுக்கு ரேம்ல இருக்கிறதை எல்லாம் நிஜ டிஸ்குல எழுதணும்டா, உன் ஸ்வாப்பே ரேமுக்குள்ளதான் இருக்குன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சான், "அப்ப சார்ஜரைக் கையோட கொண்டு போயிடறேன்"ன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போயிட்டான்.