உயரம் ஒன்று, சொல் இரண்டு: ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் அகராதியின் வேறுபாட்டுப் பெட்டிகள்

சில ஆண்டுகளுக்கு முன், உடன் பணியாற்றிய வெளிநாட்டு நண்பர் ஒருவரின் அறிக்கையில் ஓர் இடம் புரியாமல் போகவே, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக ‘ஐ ஹாவ் எ டவுட் அபவுட் யுவர் ரிப்போர்ட்’ என்று அவருக்கு எழுதினேன். தரவுகளை எங்கிருந்து எடுத்தார், எத்தனை முறை சரிபார்த்தார் என்பதையெல்லாம் மூன்று பத்திகளில் விளக்கிப் பதில் அனுப்பினார். நான் கேட்க வந்ததற்கு மட்டும் அதில் விடை இல்லை. தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல், ஒருவரை நம்பாமல் கொள்ளும் ஐயத்தையும் குறிக்கும், வகுப்பில் கையுயர்த்திக் கேட்கும் கேள்வியையும் குறிக்கும். ‘டவுட்’ என்ற சொல்லை அவர் முதல் பொருளில் மட்டுமே அறிந்திருந்தார். நான் எழுதியிருக்க வேண்டியது ‘க்வெஸ்சன்’.

அதற்குப் பிறகுதான், ஆங்கிலச் சொற்களுக்கு ஒற்றைத் தமிழ்ச் சொல்லை எதிரே வைத்து மனப்பாடம் செய்யும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரியை முறையாகப் பார்க்கத் தொடங்கினேன். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்காகவே உருவான நூல் அது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஹார்ன்பியும் அவருடைய இரு துணையாசிரியர்களும் தொகுத்த அகராதி, முதலில் 1942இல் அந்நாட்டில் வெளிவந்து, 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகத்தின் வழியே உலகெங்கும் சென்றது. மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை வகுப்பறையில் நேரில் கண்டவர்கள் தொடங்கிய வேலை என்பது இன்றைய பதிப்பிலும் தெரிகிறது. இணையத்தில் கட்டணமின்றியே பார்க்க முடியும்.

நான் இங்கே மதிப்பிட விரும்புவது அந்த அகராதி முழுவதையும் அன்று. ஒன்றோடொன்று குழம்பும் சொற்களை அருகருகே வைத்து விளக்கும் ‘விச் வேர்டு’ என்ற சிறு பெட்டிகளை மட்டுமே. சில வரிகளே நீளும் இந்தப் பெட்டிகளில், இரண்டு சொற்களுக்கும் பொருள் என்ன என்பதைவிட, எந்தச் சொல் எதனோடு சேர்ந்து வரும் என்பதற்கே கூடுதல் இடம் தரப்பட்டிருக்கிறது. அதுவே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

‘டால்’, ‘ஹை’ என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் தமிழில் உயரமான என்றே சொல்லிவிடுகிறோம். உயரமான மனிதர், உயரமான மரம், உயரமான மலை, உயரமான அலமாரித் தட்டு என எதிலும் நமக்கு இடறல் இல்லை. ஆங்கிலத்திலோ மனிதரும் மரமும் ‘டால்’, மலையும் சுவரும் ‘ஹை’. அகலம் குறைந்து நெடிதாக நிற்பவற்றுக்கு முதல் சொல். தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பதைச் சொல்ல இரண்டாவது சொல். ஆகவே ஒரு தட்டு அரையடி உயரமே கொண்டதாக இருந்தாலும், கைக்கு எட்டாத இடத்தில் பொருத்தப்பட்டிருந்தால் அது ‘ஹை ஷெல்ஃப்’ ஆகிவிடுகிறது. கட்டடங்களுக்கு மட்டும் இரண்டு சொற்களும் பொருந்தும். நெடிய என்ற நம் பழைய சொல்லை ‘டால்’ பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு இந்த வேறுபாடு மனத்தில் நன்றாகப் பதிந்தது; நெடிய மனிதர், நெடுமரம் என்கிறோம், நெடிய தட்டு என்றால் வேறு பொருளாகிவிடும்.

‘அலோன்’, ‘லோன்லி’ பற்றிய பெட்டியும் குறிப்பிடத்தக்கது. தனியாக இருப்பது ஒன்று, தனிமையில் வாடுவது வேறொன்று என்பது தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும். ஆனால் ‘அலோன்’ என்ற சொல்லைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வைக்கக் கூடாது என்பது சொல்லித் தந்தால்தான் தெரியும். ‘ஹிஸ்டாரிக்’, ‘ஹிஸ்டாரிகல்’ இரண்டிலும் தமிழே நமக்குக் கைகொடுக்கிறது: முன்னது வரலாற்றுச் சிறப்புமிக்கது, பின்னது வரலாறு சார்ந்தது. பழைய கணக்கேடு எதுவும் பின்னதற்குள் அடங்கிவிடும், முன்னதற்குள் அடங்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டிகள் எல்லாச் சொற்களுக்கும் இல்லை என்பதை நான் பெரிதாக எண்ணவில்லை. ஒரு சொல்லைப் பற்றி ஐயம் எழுந்து தேடுபவர் கண்ணில் மட்டுமே பெட்டி படும் என்பதுதான் உண்மையான இடர்ப்பாடு. ‘டவுட்’ என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும் என்றே நம்பியிருந்தேன். தெரியும் என்று நம்பும் சொல்லை யார் அகராதியில் தேடுவார்கள்? மேலும், உலகில் உள்ள அனைவருக்குமாக எழுதப்பட்ட விளக்கத்துக்கு, ‘ஷேட்’, ‘ஷேடோ’ இரண்டுக்கும் பின்னால் தமிழரிடம் நிழல் என்ற ஒரே சொல் நிற்பது தெரிய வழியில்லை. வெயிலுக்கு ஒதுங்கும் இடம் ‘ஷேட்’, தரையில் விழும் உருவம் ‘ஷேடோ’ என்ற வேறுபாட்டை நிழல் என்ற சொல்லோடு நாமேதான் இணைத்து எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிற அகராதிகளோடு ஒப்பிட்டால், லாங்மேன் அகராதி ஏறத்தாழ 2000 எளிய சொற்களைக்கொண்டே விளக்கங்களை எழுதுவதாலும், ஒரு சொல் பேச்சிலும் எழுத்திலும் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதைத் தனித்தனியே குறித்துக் காட்டுவதாலும், தொடக்க நிலையினருக்கு அதையே முதலில் பரிந்துரைப்பேன். 1987இல் வெளிவந்த காலின்ஸ் கோபில்ட், சொல்லை ஒரு முழு வாக்கியத்துக்குள் வைத்தே விளக்குகிறது. ‘பாரோ’, ‘லெண்ட்’ போன்ற சொற்களுக்கு இந்த முறைக்கு இணை இல்லை. கடன் என்ற பெயரை வைத்துக்கொண்டு வாங்கு, கொடு என்ற வினைகளால் நாம் காட்டும் திசையை ஆங்கிலம் இரு தனி வினைகளுக்குள் ஒளித்துவைத்திருக்கிறது. யார் கையிலிருந்து யார் கைக்குப் பொருள் போகிறது என்பதை வாக்கியமாகச் சொன்னால் அந்தக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடுகிறது.

சொல்லின் பொருளை ஓரளவு அறிந்து, எழுதும்போது மட்டும் தயங்குகிறவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் பெட்டிகளே மிகவும் பயன்படும். அவற்றை அகரவரிசையில் படிப்பதைவிட, ஒரு தமிழ்ச் சொல்லைத் தலைப்பாக எழுதி, அதன்கீழ் வரும் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படிப்பது நல்லது. என் குறிப்பேட்டில் நிழல், சந்தேகம் ஆகிய பக்கங்கள் முடிந்துவிட்டன. இப்போது கேள் என்ற சொல்லின்கீழ் ‘ஹியர்’, ‘லிசன்’, ‘ஆஸ்க்’ என்று மூன்றை எழுதியிருக்கிறேன். பார் என்ற சொல்லுக்கு இன்னும் இரண்டு பக்கங்களாவது ஒதுக்க வேண்டும்.