ஜெர்மன் சிற்றூர் வைன் திருவிழா: சைவம் சாப்பிடுபவர்களும் கிளாஸுக்கு டெபாசிட் கட்டுபவர்களும் கவனிக்க

இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் ஃபால்ட்ஸ் பகுதிக்குப் போகிறவர்கள், அதிலும் சைவம் சாப்பிடும் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அந்தப் பகுதியில் ஷ்வைகனிலிருந்து பொக்கன்ஹைம் வரை சுமார் 85 கிலோமீட்டர் போகும் ஜெர்மன் வைன் சாலையில், செப்டம்பர் அக்டோபரில் ஏதாவது ஓர் ஊரில் திருவிழா இருந்துகொண்டே இருக்கும். இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் கலங்கலான புது வைனான ஃபெடர்வைசர் ஒரு கையில், சுடச்சுட ட்ஸ்வீபெல்கூகன் மறு கையில் என்று ஊரே தெருவில் நிற்கும். ட்ஸ்வீபெல்கூகன் என்பது வெங்காயக் கேக், ஆனால் இனிப்பு கிடையாது. மாவின் மேல் வதக்கிய வெங்காயமும் முட்டையும் கிரீமும் ஊற்றிச் சுடுவார்கள். பொடியாக நறுக்கிய ஷ்பெக், அதாவது உப்பிட்ட பன்றிக் கொழுப்பிறைச்சி, பெரும்பாலும் அதில் சேரும்.

என்னோடு வந்த அம்மா முட்டை சாப்பிடுவார். இறைச்சியை வாழ்நாளில் தொட்டதில்லை. ஒரு கடைப் பலகையில் ‘வெகெட்டாரிஷ்’, அதாவது சைவம், என்று பெரிதாக எழுதியிருந்தது. இருந்தாலும் ஷ்பெக் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டேன். இல்லவே இல்லை என்றார். இரண்டாவது வாயிலேயே அம்மா துப்பிவிட்டார். வெங்காயத்துக்கு அடியில் இளஞ்சிவப்புத் துண்டுகள். கொண்டுபோய்க் காட்டினால், “கொஞ்சம்தானே, எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்” என்கிறார்! மன்னிப்பும் இல்லை, பணமும் இல்லை. அதற்குப் பிறகு அம்மா அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. காசு போனதைவிட அதுதான் இன்னும் ஆறவில்லை.

ரசீது கேட்டேன். தகரப் பெட்டியில் பணத்தைப் போட்டு வாங்கும் கடை அது. 2020 முதல் ரசீது கட்டாயம் என்றாலும் அது மின்னணுக் கல்லா வைத்திருப்பவர்களுக்குத்தான். ஆக, கையில் எந்த ஆதாரமும் இல்லை.

அப்புறம் கிளாஸ். திராட்சைச் சாற்றுக்கு கிளாஸ் ஒன்றுக்கு 3 யூரோ டெபாசிட் வாங்கினார்கள். ஃபாண்ட் என்பார்கள், பெரும்பாலான திருவிழாக்களில் உண்டு, அதில் தவறில்லை. வழக்கமாகக் கூடவே ஒரு டோக்கன் தருவார்கள். இங்கே தரவில்லை. கேட்டதற்கு, கிளாஸைக் கொடுத்தால் போதும் என்றார்கள். திருப்பிக் கொடுக்கும்போது கவுண்டரில் வேறு ஆள்: டோக்கன் இல்லாமல் பணம் கிடையாதாம். கூட்டத்தில் எத்தனை பேர் வாக்குவாதம் செய்ய நிற்பார்கள்? இந்தக் கணக்குத் தெரிந்தே செய்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

நீங்கள் போனால், பணம் நீட்டும் முன்பே விலைப்பலகையைப் போட்டோ எடுங்கள். விலையை எழுதி வைப்பதும், டெபாசிட்டைத் தனியாகக் காட்டுவதும் அங்கே சட்டப்படி கட்டாயம். டோக்கன் கைக்கு வராமல் கிளாஸோடு நகராதீர்கள். கேக்கை ஓரத்தில் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுப் பெரியவர்களுக்குக் கொடுங்கள். முட்டை, பால், கோதுமை, கடுகு உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களின் விவரத்தைக் கேட்டால் கடைக்காரர் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் பன்றி இறைச்சி அந்தப் பட்டியலில் இல்லை, எனவே அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஏமாற்றப்பட்டால் திருவிழா அலுவலகத்தில் அன்றே சொல்லுங்கள். உணவு விஷயமென்றால் அந்த மாவட்ட நிர்வாகத்தின் உணவுக் கண்காணிப்புப் பிரிவுக்கு எழுதலாம். பலகையின் போட்டோவையும் கேக்கின் போட்டோவையும் சேர்த்து நான் அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.