லேசர் குண்டா, ஜிபிஎஸ் குண்டா?

விமானத்திலிருந்து போடும் குண்டுகளில் எது மேல் என்று கேட்டால் என் ஓட்டு லேசருக்குத்தான். நான் விமானப்படையில் இருந்தவன் அல்ல, போர் வரலாற்றைப் படித்து எடுத்த முடிவு இது.

வழிகாட்டி இல்லாத சாதாரணக் குண்டு, விட்ட பிறகு யார் பேச்சையும் கேட்காது. பரந்து கிடக்கும் இலக்குக்கு அது போதும். கார்கில் போரில் 1999 ஜூன் 17 அன்று முந்தோ தாலோ என்ற பாகிஸ்தானிய முகாமை இந்திய மிராஜ் போர்விமானங்கள் அப்படித்தான் தாக்கின. ஒற்றைப் பாலம், ஒற்றைப் பதுங்குகுழி என்றால் கஷ்டம். வியட்நாமின் தான் ஹோவா பாலத்தை 1965 முதல் அமெரிக்க விமானங்கள் திரும்பத் திரும்பத் தாக்கியும் அது நின்றது. 1972 மே 13 அன்று லேசர் குண்டுகள்தான் அதைச் சாய்த்தன.

லேசர் குண்டுக்கு, விமானத்திலிருந்தோ தரையிலிருந்தோ ஒருவர் இலக்கின் மேல் லேசர் கதிரைப் பிடித்திருக்க வேண்டும். அங்கிருந்து சிதறும் ஒளியை மூக்கிலுள்ள உணரி பிடிக்க, துடுப்புகள் குண்டை அந்தப் பக்கம் திருப்பும். கார்கிலின் டைகர் ஹில் மலையில் 1999 ஜூன் 24 அன்று மிராஜ் போட்டது இந்த வகை. ஜிபிஎஸ் குண்டுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்தால் போதும், செயற்கைக்கோள் அலைகளை வைத்து அதுவே வழி கண்டுபிடிக்கும். மேகமோ புகையோ அதைத் தடுக்காது. மேகம் மறைத்தால் லேசர் முடங்கிவிடும், கொசோவோ போரில் நேட்டோவுக்கு இதுதான் பெரிய தலைவலி.

அப்படியும் நான் லேசர் பக்கம் நிற்பதற்குக் காரணம், கடைசி நொடி வரை ஒரு மனிதர் இலக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். தவறு என்று தெரிந்தால் கதிரை வெற்று நிலத்துக்கு நகர்த்தலாம். அதே கொசோவோ போரில், 1999 மே 7 இரவு பெல்கிரேடில் அமெரிக்காவின் ஜிபிஎஸ் குண்டுகள் கொடுத்த இடத்திலேயே விழுந்தன. கொடுத்த இடம்தான் தவறு. அது சீனத் தூதரகம். மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். எண்களை யாரும் கண்ணால் சரிபார்க்கவில்லை.

லேசரும் நிரபராதி அல்ல. 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமிரியா பதுங்குமிடத்தில் 400-க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றவை லேசர் குண்டுகளே. கூரை தெரிந்தது, உள்ளே தூங்கிய குழந்தைகள் தெரியவில்லை. ஆக, என் வாதம் திறந்தவெளி இலக்குகளுக்கு மட்டுமே முழுசாகப் பொருந்தும். அடர்ந்த மேகத்துக்குக் கீழே இருக்கும் இலக்கு என்றால் நானும் ஜிபிஎஸ்ஸைத்தான் சொல்வேன், எதிரி ஜிபிஎஸ் அலைவரிசையைக் குழப்பாத வரை. உக்ரைனில் ரஷ்யா அப்படிக் குழப்பும் வேலையைத்தான் செய்கிறது.