எச்சரிக்கை: கெடாத டிரைவைக் கழற்றி, இருந்த கோப்புகளையும் ஃபார்மட் செய்துவிட்டுப் போனார்

வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்கள், அதிலும் பழுது வந்தால் வெளியாளைக் கூப்பிடும் நிலையில் இருப்பவர்கள், இதைப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பழுதுபார்க்க வந்த ஒருவர், நன்றாக இருந்த டிரைவைக் கெட்டுவிட்டது என்று சொல்லிக் கழற்றினார். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் ஓடிய டிரைவைப் புதிது என்று என்னிடம் விற்றார். நடுவில், பாரிட்டியின் (ஒரு டிரைவ் போனாலும் அதன் தரவைக் கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் பதிவு) தயவில் அதுவரை பத்திரமாக இருந்த கோப்புகளையும் துடைத்துவிட்டார். அவருடைய பெயரையோ கடையின் பெயரையோ எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என்னுடைய சர்வர், பல டிரைவ்களை ஒன்றாக நிர்வகிக்கும் அன்ரெய்டு என்ற இயங்குதளத்தில் ஓடுகிறது. 8 டெராபைட் டிரைவ்கள் நான்கு, அதே அளவில் பாரிட்டிக்கென்று ஒன்று. ஒரு நாள் காலையில் பார்த்தபோது மூன்றாவது டிரைவுக்கு எதிரே சிவப்புப் பெருக்கல் குறி நின்றிருந்தது. அந்த டிரைவில் எழுத முயன்று முடியாமல் போனதால் அன்ரெய்டு அதை ஒதுக்கிவைத்திருக்கிறது என்பதே அந்தக் குறியின் பொருள். கேபிள் தளர்ந்தாலும், மின் இணைப்பு தடுமாறினாலும், டிரைவ்களை இயக்கும் கன்ட்ரோலர் ஒரு நொடி மயங்கினாலும் இதே குறிதான் வரும். எனக்கு அன்று இது தெரியாது; இதைத் தொழிலாகச் செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் பங்குக்கு நானும் ஒரு தவறு செய்தேன். பதற்றத்தில் சர்வரை அணைத்து மறுபடியும் இயக்கினேன். அன்ரெய்டு தன் நிகழ்வுப் பதிவை நினைவகத்தில் வைத்திருப்பதால், வேறிடத்தில் சேமிக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்திராவிட்டால், மறுதொடக்கத்தோடு அது போய்விடும். எந்த நிமிடத்தில், எந்த இணைப்பில், என்ன பிழை வந்தது என்பதற்கான சாட்சியை நானே அழித்துவிட்டேன்.

இருந்தும் கோப்புகள் எல்லாம் திறந்தன. பாரிட்டி செய்யும் வேலை அது. ஒவ்வொரு பிட் இடத்திலும் எல்லா டிரைவ்களின் ஒன்றுகளையும் கூட்டினால் இரட்டைப்படை வரும்படி பாரிட்டி டிரைவில் ஒரு பிட் எழுதப்படுகிறது. நான்கு டிரைவ்களில் 1, 0, 1, 1 என்று இருந்தால் பாரிட்டி 1. மூன்றாவது டிரைவ் இல்லாமல் போனால், மிஞ்சிய 1, 0, 1 மூன்றையும் பாரிட்டியின் 1-ஐயும் வைத்துக்கொண்டு, விடுபட்டது 1 என்று கண்டுபிடித்துவிடலாம். படிப்பது மட்டுமன்று, எழுதுவதும் நடக்கும். இல்லாத டிரைவில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு நாம் எழுதுவது பாரிட்டியில் கணக்காக ஏறிக்கொண்டிருக்கும். நான் அப்படியே இரண்டு நாள் வேலை பார்த்தேன், ஸ்கேன் செய்த பழைய ஆவணங்களை அந்த மூன்றாவது டிரைவிலேயே சேமித்துக்கொண்டும் இருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் வந்தார். சிவப்புக் குறியைப் பார்த்த உடனேயே, "டிரைவ் போயிடுச்சு சார், மாத்தினாத்தான் ஆகும்" என்றார். டிரைவ் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறக்கவே இல்லை. சர்வரை முறையாக நிறுத்தாமல், பவர் பொத்தானை நான்கைந்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்தார். ஒரு டிரைவ் இல்லாத நிலையில் இது எவ்வளவு ஆபத்து என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். வேறொரு டிரைவில் எழுதிய கணத்துக்கும் பாரிட்டியில் அதற்கான கணக்கு ஏறும் கணத்துக்கும் இடையில் மின்சாரம் நின்றால், கெடுவது அந்த டிரைவின் தரவு மட்டுமன்று. அங்கே இல்லாத டிரைவின் தரவும் கெடும், ஏனெனில் அது மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது.

தான் கொண்டுவந்த "புது" டிரைவை மாட்டி இயக்கியதும், மூன்றாவது டிரைவில் கோப்பு முறைமை (கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) இல்லை, அதனால் இணைக்க முடியவில்லை என்ற செய்தி வந்தது. கூடவே ஃபார்மட் செய்வதற்கான பொத்தானும் கீழே தோன்றியது. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் கருவியைப் பராமரிப்பு நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டிய இடம் அது. அவர் ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்தார். தரவு மீட்பிலோ ரீபில்டிலோ (பாரிட்டியிலிருந்து கணக்கிட்டு டிரைவை மறுபடியும் நிரப்புவது) ஃபார்மட் ஒருபோதும் ஒரு படியாகாது, செய்தால் தரவு போய்விடும் என்ற எச்சரிக்கைப் பெட்டி திரையில் வந்தது. நான் அதைக் கைநீட்டிக் காட்டினேன். "பாரிட்டி இருக்கே சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே அவர் சம்மதம் கொடுத்தார்.

ஃபார்மட் என்பதும் ஓர் எழுத்துதான். வெற்றுக் கோப்பு முறைமை ஒன்று எழுதப்படுகிறது, அந்த எழுத்து அப்போதே பாரிட்டியிலும் ஏறிவிடுகிறது. அதன் பிறகு பாரிட்டியிடம் போய் மூன்றாவது டிரைவில் என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று மிகச் சரியாகச் சொல்லும். 8 டெராபைட்டையும் சராசரியாக நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுத ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் ஒரு வெற்று டிரைவு பிழையே இல்லாமல் ரீபில்ட் ஆகிக்கொண்டிருந்தது. மறுநாள் பச்சைக் குறி வந்தது. உள்ளே ஒரு கோப்பும் இல்லை.

தொலைபேசியில் சொன்னபோது, பழைய டிரைவ் செத்ததால் தரவும் செத்துவிட்டது என்று பதில் வந்தது. நல்ல வேளையாக அந்தப் பழைய டிரைவு என்னிடம் இருந்தது. கிளம்பும்போது அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு, "ஸ்க்ராப்புக்குக் குடுத்துடறேன் சார்" என்றவரிடம், வாரன்டி இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்லித் திருப்பி வாங்கி வைத்திருந்தேன். அவர் பையின் ஜிப்பைத் திறக்கக் காட்டிய தயக்கம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அந்த டிரைவை வேறொரு கணினியில் இணைத்து ஸ்மார்ட் அறிக்கையைப் படித்தேன். பழுதால் இடம் மாற்றப்பட்ட செக்டர்களை, அதாவது டிரைவின் சிறு சேமிப்புத் துண்டுகளைக் காட்டும் 5-ஆம் எண், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவற்றைக் காட்டும் 197, திருத்த முடியாதவற்றைக் காட்டும் 198 மூன்றும் பூஜ்யம். 199 மட்டும் 1,386. டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் வழியில் தரவு சிதைந்த தடவைகளை எண்ணுவது அது; பெரும்பாலும் கேபிளைக் குற்றஞ்சாட்டும் எண். முழு நீளச் சோதனையையும் ஓட்டினேன், தேறியது. சர்வர் பெட்டியைத் திறந்து பார்த்தால், முந்தைய மாதம் நானே பொருத்திய விசிறிக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் மூன்றாவது டிரைவின் சாட்டா கேபிள் மடங்கி, மடிப்பில் உறை வெளுத்துப்போயிருந்தது. கேபிளை மாற்றினால் முடிந்திருக்கும் விவகாரம்.

படிக்க மட்டும் என்ற முறையில், முடியாமல் நின்ற மாற்றங்களைக் குறித்துவைக்கும் கோப்பு முறைமையின் பதிவேட்டைக்கூட மீண்டும் இயக்காமல் இணைத்துப் பார்த்தபோது, சிவப்புக் குறி விழுந்த நேரம் வரையிலான கோப்புகள் அனைத்தும் அதில் இருந்தன. அதற்குப் பிந்தைய இரண்டு நாள் ஸ்கேன்கள் இல்லை. அவை பாரிட்டிக் கணக்கில் மட்டுமே வாழ்ந்தவை, ஃபார்மட்டோடு போய்விட்டன.

இனி அந்தப் புது டிரைவின் கதை. உறை பிரிக்காமல்தான் கொண்டுவந்தார், ஸ்மார்ட் அறிக்கையிலும் ஓடிய நேரம் 19 மணி என்றே இருந்தது. ஆனால் திருகாணித் துளைகளின் ஓரத்தில் வண்ணம் உரிந்திருந்தது, இணைப்பு முனையின் பொன்முலாம் பூசிய பட்டைகளில் பலமுறை மாட்டிக் கழற்றிய கோடுகள் இருந்தன. ஸ்மார்ட் எண்களை அழித்து எழுத வழி இருக்கிறது. சீகேட் டிரைவ்களில் ஃபார்ம் என்று தனியாக ஒரு பதிவு உண்டு, அழிப்பவர்கள் பலர் அதைத் தொடுவதில்லை. ஸ்மார்ட் அறிக்கையைப் படிக்க உதவும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியின் 7.4-ஆம் பதிப்பு முதல் அதைப் படிக்க முடிகிறது. என் டிரைவின் ஃபார்ம் பதிவு 21,740 மணி நேரம் என்றது. சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்துப் பார்த்ததில், அது முழுக் கணினி அமைப்பின் பாகமாக விற்கப்பட்டது, தனி வாரன்டி கிடையாது என்று வந்தது. டிரைவ் வாங்கியதும் ரீபில்டுக்கு விடும் முன்பே இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் பேரம் பேச நம் கையில் ஏதாவது இருக்கும். நான் பார்க்கவில்லை.

அச்சிட்ட ஃபார்ம் பதிவோடு நேரில் போய் நின்ற பிறகு டிரைவுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். தனக்கு மேலே உள்ளவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றார், அது உண்மையாகவும் இருக்கலாம். பழுதுபார்த்த கூலியைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். "பச்சை வந்துச்சே சார், என் வேலை முடிஞ்சுது" என்பதுதான் அவருடைய வாதம். பழைய டிரைவே இப்போது புதுக் கேபிளுடன் மூன்றாவது இடத்தில் ஓடுகிறது. 199-ஆம் எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது, அது இன்னும் 1,386-இலேயே நிற்கிறது. ஆவணங்களை மறுபடியும் முதலிலிருந்து ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன்.